புதைத்தல் தடை

மிஸ்ஸை நான் முதலில் கேட்டேன். பார்த்தது மூன்று வாரம் கழித்துத்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் அந்த டியூஷன் நிலையம் இருந்தது. ஒரே மண்டபத்தின் நடுவே பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் நான், கணிதம். அந்தப் பக்கம் அவர், தமிழ். பலகை கூரை வரை போகவில்லை. பாதியில் பலகை முடிந்துபோய்விட்டதாக நிலையத்து முதலாளி சொன்னார். அதனால் என் சமன்பாடுகள் அந்தப் பக்கமும் அவருடைய சத்தம் இந்தப் பக்கமும் தாராளமாகப் போய்வந்தன. கரையோர ரயில் கடக்கும்போது மட்டும் இரண்டு பாடங்களும் நின்று, பிறகு இரண்டும் எங்கே விட்டோம் என்று தெரியாமல் தொடங்கும்.

முதல் நாள் நான் வட்டத் தேற்றம் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். பலகைக்கு அப்பால் ஒரு பெண்குரல்.

"உன் வீடு எங்க இருக்கு?"

"இந்த ஒழுங்கையிலதான் மிஸ். நாலாம் மாடி."

"நாலாம் மாடியில மாமரம் எங்க நிக்குது?"

கொப்பி ஒன்று புரளும் சத்தம்.

"எழுதியிருக்கியே, எமது இல்லத் தோட்டத்தில் மாவும் கொய்யாவும் பூத்துக் குலுங்குகின்றனன்னு. நீ பாத்தியா?"

"இல்ல மிஸ். கட்டுரைப் புத்தகத்தில இருந்தது."

"ஜன்னலத் தொறந்தா என்னா தெரியும்?"

"பக்கத்து ஃபிளாட்டின்ர தண்ணி டாங்கி. அதுக்குக் கீழ ஒரு அங்கிள் மேலுக்கு ஒண்டும் போடாமல் பல்லுத் தீட்டுவார்."

"அவர எழுது."

என் பக்கத்துப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். வட்டத் தேற்றம் அன்று அந்த அங்கிளிடம் தோற்றது. அடுத்த வாரம் தோட்டக் கட்டுரை வாசிக்கப்பட்டபோது நானே சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அங்கிள் பல் தீட்டும்போது ஒரு காகம் டாங்கியின் விளிம்பில் வந்து உட்கார்ந்து அவரைப் பார்க்குமாம். அங்கிள் காகத்துக்குக் காலை வணக்கம் சொல்வாராம். வீட்டில் உள்ள வேறு யாருக்கும் அவர் வணக்கம் சொல்லி அவன் கண்டதில்லையாம். பதினாறு வயதுப் பையன் எழுதியது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் பாடத்தில் அப்படி ஒரு அங்கிளும் வரமாட்டார்.

"பாத்தியா?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி, ஒரே ஆயுதம், ஒரே வியாதி. கட்டுரைக் கொப்பிகளில் சரி, பிழை என்று எதுவும் போடமாட்டார். நம்பமுடியாத வசனத்துக்குப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லை எழுதுவார். "இன்றைய சிறுவர் நாளைய தலைவர்" என்று ஒரு முழுப்பக்கம் எழுதிய பிள்ளைக்குப் பதினொரு "பாத்தியா?" கிடைத்தது. பிள்ளை அழுதது. மிஸ் தான் தின்ன வைத்திருந்த ரோல்ஸில் பாதியைக் கொடுத்து, "உங்க ஸ்கூல் மொனிட்டர் எப்பிடி? அந்தத் தலைவரப் பத்தி எழுது" என்றார். மறுவாரம் வந்த கட்டுரையை மிஸ் மூன்று தடவை வாசித்துக் காட்டினார். அந்த மொனிட்டருக்கு இன்றுவரை அது தெரியாது என்று நம்புகிறேன்.

நான் கொட்டாஞ்சேனை, அவர் ஜிந்துப்பிட்டி. சனி ஞாயிறுகளில் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புகிறோம் என்பது நாலாம் வாரம்தான் தெரிந்தது. குட்டையான உருவம். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் அரிசி மூட்டை அளவுக்கு ஒரு பை. அதற்குள் கொப்பிகள், சோற்றுப் பார்சல், ஒரு சோடிப் பழைய செருப்பு. செருப்பு எதற்கு என்று கேட்டேன்.

"போட்டிருக்கிறது அறுந்தா?" என்றார், அதைக்கூட யோசிக்காத ஒருவன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறானே என்ற பார்வையுடன்.

அன்றே என்னையும் பரீட்சித்துப் பார்த்தார். "நீங்க ஏன் சேர் கணக்குப் படிப்பிக்க வந்தீங்க?"

"கணிதம் எண்டது மனிச அறிவின்ர..." என்று தொடங்கினேன்.

"பாத்தீங்களா?"

பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டும் வரை யோசித்தேன். "வேற வேலை கிடைக்கேல்லை."

"ஆ. அது நல்லா இருக்கு" என்றார். கட்டுரைக்குப் புள்ளி போடுவதுபோல எனக்கும் பதினைந்துக்குப் பதின்மூன்று தந்திருப்பார் என்று தோன்றியது.

வெள்ளவத்தைப் பெற்றோருக்கு அவரை முதலில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தமிழ் படிப்பிக்கிறவர் என்றால் வடக்கிலிருந்து வந்திருக்க வேண்டும், மேடையில் போல மூச்சு வாங்கப் பேச வேண்டும் என்று ஓர் எண்ணம். ஒரு தாய் மாடிப்படியில் நின்று, "மிஸ் எந்த இடம்?" என்று விசாரித்தார். எங்கள் ஆட்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது இடத்தை மட்டும் கேட்பதில்லை.

"ஜிந்துப்பிட்டி."

"ஓ. அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் எங்கம்மா வயித்துல."

அந்தத் தாய் அடுத்த மாதமே தன் மூத்த மகனையும் கொண்டுவந்து சேர்த்தார். பயத்தில் சேர்த்தாரா மரியாதையில் சேர்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த மூத்தவன்தான் "என் அன்னை" என்ற கட்டுரையில், "என் அன்னை காலையில் கட்டிலில் இருந்தபடி போனைப் பார்த்துக்கொண்டே அப்பாவை இடியப்பம் வாங்க அனுப்புவார். சம்பல் கூடக் கேள் என்று பின்னால் கத்துவார். அப்பா மறந்து வருவார். பிறகு நாங்கள் பாடசாலைக்குப் போகும்வரை சம்பலைப் பற்றித்தான் பேச்சு" என்று எழுதினான்.

தாய் கொப்பியோடு படியேறி வந்தார். "இதென்ன மிஸ், இப்பிடி எழுத வைச்சிருக்கிறீங்கள்?"

"பொய்யா?"

"பொய்யெண்டு இல்லை..."

"பதினஞ்சுக்குப் பன்னெண்டு குடுத்திருக்கேன். தியாகம், தெய்வம்னு எழுதின பதினாலு பேருக்கு ஆறு. ஒங்க மகன் ஒருத்தன்தான் அம்மாவப் பாத்திருக்கான்."

அவர் கொப்பியைத் திரும்ப வாங்கி, படியிலேயே நின்று இன்னொரு முறை வாசித்தார். இறங்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு போனதை நான் கண்டேன்.

நிலையத்து முதலாளியோடுதான் மிஸ்ஸுக்கு ஒத்துவரவில்லை. அவர் தன்னை டிரெக்டர் என்று அழைத்துக்கொண்டவர். கல்யாண மண்டபம், கேட்டரிங், டியூஷன் மூன்றையும் ஒரே தொலைபேசியில் நடத்தினார். ஒருமுறை ஒருவர் நூற்றைம்பது பிரியாணி சொல்ல எடுத்த அழைப்பில் பன்னிரண்டு மணிக் கணித வகுப்பை விற்றுவிட்டதாகப் பெருமைப்பட்டார். அவர் எங்களுக்கு நோட்டீஸ் அடித்தார். என் படத்துக்குக் கீழே "கணிதச் சூறாவளி" என்றிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. மிஸ்ஸின் படத்துக்குக் கீழே "மொழிப் பேரருவி."

மிஸ் நோட்டீஸைக் கையில் எடுத்து அவரிடம் போனார். "நான் அருவியா?"

"எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் மிஸ் போடுறவை. இல்லாட்டிப் பிள்ளையள் வராதுகள்."

"தமிழ், சனி ஞாயிறு, காலை எட்டரைன்னு மட்டும் போடுங்க. அது உண்மை."

அவர் போடவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு யோசனையோடு வந்தார். தரம் பதினொன்றின் முடிவில் எடுக்கும் ஓ.எல். பரீட்சைக்குக் கட்டாயம் வரக்கூடிய இருபது கட்டுரைகளை மிஸ் எழுதித் தரவேண்டும், அவர் புத்தகமாக அடிப்பார், பிள்ளைகள் பாடமாக்குவார்கள். மிஸ் மாட்டேன் என்றார். அவர் பிறகு கேட்கிறேன் என்றார். அது ஆறு மாதம் அப்படியே புகைந்துகொண்டிருந்தது.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் அந்தப் பிள்ளை வந்தது.

தரம் பதினொன்று. மெலிந்த பெண், முன்வரிசையில் இருப்பாள், பேசமாட்டாள். என் வகுப்பிலும் இருந்தாள், மிஸ் வகுப்பிலும் இருந்தாள். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். மிஸ் "நான் தவறவிட்ட பஸ்" என்று தலைப்புக் கொடுத்த அன்று, அவள் மூன்று பக்கத்துக்கு "ஒரு பழைய குடையின் சுயசரிதை" எழுதிக் கொடுத்தாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை. குடை கடையில் பிறந்து, மழையில் வாழ்ந்து, மூலையில் மாண்டது. தலைப்பில் பஸ் இருக்க நீ குடையைப் பிடிக்கிறாயே என்று பையன்கள் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

மிஸ் சிரிக்கவில்லை. "போர்ட்டுல என்னா எழுதியிருக்கேன்? வாசி பாப்போம்."

பலகைக்கு அப்பால் அமைதி. ரயிலும் வரவில்லை.

"தொண்ட கட்டியிருக்கா?" என்றார் மிஸ் திடீரென்று. "நேத்து மழையில நனைஞ்சிருப்ப. போயி தண்ணி குடிச்சிட்டு வா. மத்தவங்க எழுதுங்க. என்னா பாக்கிறீங்க, எம் மூஞ்சியிலயா பஸ் வருது?"

வகுப்பு முடிந்ததும் மிஸ் என் பக்கம் வந்தார். அந்தப் பிள்ளையின் கணிதக் கொப்பியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கூட்டல், பெருக்கல், சமன்பாடு, எல்லாம் சரி. வசனத்தில் கேட்ட கணக்குகள் அத்தனையும் வெறுமை. ஒவ்வொரு வெறுமைக்குப் பக்கத்திலும் நான் சிவப்பில் எழுதியிருந்தேன்: "சோம்பல்!" ஆச்சரியக்குறி ஒவ்வொன்றும் நன்றாக அழுத்திப் போட்டது.

அதோடு விட்டேனா? இரண்டு வாரம் முன்பு முழு வகுப்புக்கும் முன்னால் அவளைப் பார்த்து, "சோம்பேறி, கேள்வியை வாசிக்கவும் உனக்கு ஓர் ஆள் வைக்க வேணுமோ?" என்று கேட்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கணிதச் சூறாவளிக்கு அன்று நல்ல நாள்.

மிஸ் கொப்பியை மூடினார். "இந்தப் பிள்ள ஒரு கேள்விய வாசிச்சு நீங்க எப்பவாச்சும் பாத்தீங்களா சேர்?"

"இல்லை."

"பின்ன என்னா சோம்பல்?"

மறுநாள் அவளை வகுப்புக்கு முன்னரே வரச்சொல்லி, ஒரு கணக்கை நான் வாசித்தேன். இரண்டு குழாய்கள் ஒரு தொட்டியை நிரப்பும் பழைய கணக்கு. நான் வாசித்து முடிப்பதற்குள் விடையைச் சொன்னாள். இன்னொன்று வாசித்தேன். அதையும் சொன்னாள். மூன்றாவதை நான்தான் பிழையாகப் போட்டிருந்தேன். அவள் மெதுவாக, "சேர், அது பன்னிரண்டு வராதோ?" என்றாள். பிறகு, தானே வாசிக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் சொன்னாள். எழுத்துகள் அவளுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கலாம், ஆனால் வரியின் முடிவுக்கு வருமுன் தொடக்கம் போய்விடும். தங்கை பாடங்களை வாசித்துப் போனில் பதிவு செய்து கொடுப்பாள். இவள் அதைக் கேட்டுப் பாடமாக்கி, ஐம்பது தரம் பார்த்தெழுதி, கட்டுரையை ஒரு படம் வரைவது போல வரைந்துவிடுவாள். தங்கை வாசிக்கப் பழகும்வரை வகுப்பில் காதில் விழுந்ததை வைத்தே சமாளித்தாள். பதினொரு வருடம் இப்படி. தங்கையைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வரைந்து வைத்த படங்களில் பஸ் இல்லை, குடை இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. கொப்பியில் இருந்த "சோம்பல்"களை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டினேன். அது இன்னும் அசிங்கமாகப் போயிற்று.

அடுத்த சனியிலிருந்து மிஸ் ஒரு மணிநேரம் முன்னதாகவே வரத் தொடங்கினார். ஒரே பஸ் என்பதால் நானும் வரவேண்டியதாயிற்று. பையைத் தூக்க ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். மிஸ் அந்தப் பிள்ளையைக் கொப்பியிடம் கூட்டிப்போகவில்லை. காலி வீதிக்குக் கூட்டிப்போனார். "கொப்பியப் பாத்தா ஒனக்குப் பயம். கடை போர்ட்டுக்குப் பயமில்லதானே? பெருசா எழுதியிருப்பான். ஒரு வரிதான் இருக்கும். வா."

கடைப் பெயர்கள், பஸ் பலகைகள், மின்கம்பத்தில் ஒட்டிய மரண அறிவித்தல்கள், பற்கூச்சத்துக்கு மருந்து, அறை வாடகைக்கு, பூனையைக் காணவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, விரலை நீட்டி, வாய்விட்டு. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் மிஸ் அவர்களை முறைப்பார். அவள் ஒருவர் உதவியும் இல்லாமல், தொடக்கத்தை மறக்காமல் முடிவுவரை வாசித்த முதல் வசனம் ஒரு மதிற்சுவரில் இருந்தது: "இவ்விடத்தில் சிறுநீர் கழிக்க வேண்டாம்." அவள் முகம் சிவந்துபோயிற்று. மிஸ் நடுவீதியில் கைதட்டினார். அந்த மதிலடியில் அதே காரியத்துக்காக அப்போதுதான் ஒதுங்கிய ஒருவர், தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து வேகமாகப் போய்விட்டார்.

ஐந்தாவது சனி என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக் கடை ஒன்றில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். சுவரில் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒன்று மாட்டியிருந்தார்கள். மிஸ் அதைக் காட்டினார்.

"பு... தை... த்... தல்," என்றாள் பிள்ளை. "த... டை."

"புகைத்தல் தடை. திருப்பி வாசி."

"பு... தை..."

"கை. புகைத்தல். சிகரெட் குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள். அவள் காது மடல் வரை சிவந்திருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"மிஸ், நீங்கள் பாத்தீங்களா?"

மிஸ் நிமிர்ந்தார். நானும் பார்த்தேன். "புதைத்தல் தடை" என்று அழகாக, நீல எழுத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நாங்கள் இருவரும் நாலு வாரமாக அதற்குக் கீழே இருந்துதான் தேநீர் குடித்தோம். எங்களுக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் நாங்கள் வாசிக்கவில்லை.

மிஸ் சிரித்த சிரிப்பில் தேநீர் என் சட்டையில் கொட்டியது. மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடை முதலாளி பதறிப்போய் வந்து, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். மிஸ் சிங்களத்தில் விளக்கினார். அவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்து, "பரவாயில்லை மிஸ், இங்கே ஒருவரும் எதையும் புதைப்பதில்லைதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். சிகரெட் குடித்துக்கொண்டே போனார்.

இவ்வளவோடு நிறுத்தினால் மிஸ் எவ்வளவு நல்லவர் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். அடுத்து அவர் செய்தது சுத்த மடத்தனம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓ.எல். பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று மிஸ் விசாரித்து அறிந்திருந்தார். பாடசாலை ஊடாகப் போகவேண்டும், வைத்தியரின் கடிதம் வேண்டும், தாயின் கையெழுத்து வேண்டும். தகப்பன் கட்டாரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாயை மிஸ் மாடிப்படியில் மறித்தார். மற்றப் பெற்றோர் ஆறேழு பேர் நின்றார்கள்.

"ஒங்க மகளுக்கு வாசிக்க வராது. ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடணும்."

அந்தத் தாயின் முகத்தை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். "என்ன கதைக்கிறீங்கள்? அவள் எப்பவும் தமிழிலை எழுபதுக்கு மேல."

"அது மனப்பாடம்."

"நோய் வருத்தமெண்டு பேப்பரிலை எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்க ஆர் மிஸ் பொறுப்பு? நீங்களோ?" என்றார் தாய். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். அடுத்த வாரம் பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் நான் கேட்டேன். "அத்தனை பேருக்கு முன்னால இப்பிடியோ சொல்லுறது?"

"உண்மையத்தான் சொன்னேன்."

"நான் அவளைச் சோம்பேறி எண்டதும் அத்தனை பேருக்கு முன்னாலதான்."

மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புறக்கோட்டை வரும்வரை ஒரு பலகையையும் வாசிக்கவில்லை. மறுநாள் வகுப்பில் கட்டுரைகளைத் திருத்தினார், ஆனால் ஒரு கொப்பியிலும் அவருடைய "பாத்தியா?" இல்லை. பிள்ளைகள் மிஸ்ஸுக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை அந்தத் தாய் தனியாக வந்தார். கையில் கொப்பித் தாள் ஒன்று. மிஸ்ஸின் மேசையில் வைத்தார். "இதை நீங்கள்தானே சொல்லிக் குடுத்து எழுதுவிச்சது?"

மிஸ் வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு என்னிடமும் தந்தார். அச்சுப்போன்ற கையெழுத்து இல்லை. வரி மேலும் கீழும் போயிருந்தது. நினைவில் இருக்கும்வரை அப்படியே தருகிறேன்:

"அம்மா. நான் பதினொரு வருசம் பாடம் ஆக்கினான். எனக்கு களைச்சு போச்சு. என்க்கு வாசிக்க எலும் ஆனால் நேரம் வேனும். கையெலுத்து போடுங்கோ. கலியானத்துக்கு முதல் சோதினை தான் வரும்."

"நான் சொல்லிக் குடுத்திருந்தா இவ்வளவு எழுத்துப் பிழை வருமா?" என்றார் மிஸ்.

தாய் என் கையிலிருந்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது மகள் தானாக எழுதியதுதான் என்பது அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். வேறு யாராவது அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"அன்னைக்குப் படியில வச்சு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார் மிஸ். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "கதவ மூடிட்டுச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிக்கங்க."

தாய் கதிரையில் உட்கார்ந்தார். "பேப்பரைத் தாங்கோ." கையெழுத்திட்டார். எழும்பும்போது, "மிஸ், இதையும் ஒருக்காத் திருத்தித் தாங்கோவன். இவ்வளவு பிழையோட வைச்சிருக்க ஒரு மாதிரி இருக்கு" என்று மகளின் கடிதத்தை நீட்டினார்.

"இதுல திருத்த ஒண்ணுமில்ல," என்றார் மிஸ். கடிதத்தை நாலாக மடித்துத் தாயின் கைப்பைக்குள் தானே வைத்தார்.

பிள்ளை திரும்பி வந்தாள். வைத்தியர், பாடசாலை, அலுவலகம் என்று தாய்தான் ஏறி இறங்கினார். மேலதிக நேரம் கிடைத்தது. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது நிலையத்து முதலாளி தன் புத்தகத்தை வெளியிட்டார். "நிச்சயம் வரும் இருபது கட்டுரைகள்." மிஸ் எழுதித் தராததால் அங்கிங்கே பொறுக்கி எடுத்து, அட்டையில் மிஸ்ஸின் படத்தை மட்டும் போட்டிருந்தார். பழைய குடையின் சுயசரிதை ஏழாவதாக இருந்தது.

மிஸ் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் வகுப்புக்குப் போனார். பிறகு பலகையைச் சுற்றிக்கொண்டு என் வகுப்புக்கும் வந்தார். இரண்டு இடத்திலும் ஒன்றையே சொன்னார்: "அட்டையில இருக்கிற மூஞ்சி என்னுது. உள்ள இருக்கிற ஒரு வரியும் என்னுது இல்ல. காசு குடுத்தவங்க திருப்பிக் கேளுங்க."

முதலாளி அரை மணியில் வந்துவிட்டார். சத்தம் போட்டார், கெஞ்சினார், கடைசியில் இனி வரவேண்டாம் என்றார். மிஸ் கொப்பிகளைப் பைக்குள் வைத்தார். செருப்பு, பார்சல் இரண்டும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார். இறங்கிப் போனார். நான் பின்னால் போயிருக்கலாம். எனக்கு அந்த மாத வாடகை கட்டவேண்டியிருந்தது, வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், காரணங்கள் நிறைய இருந்தன. போகவில்லை. அடுத்த சனியிலிருந்து பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞர் இருபது கட்டுரைகளையும் ராகம் போட்டு ஒப்புவித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மிஸ் வத்தளையில் தன் தங்கை வீட்டு கராஜில் வகுப்புத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளை பரீட்சை வரைக்கும் ஞாயிறு தோறும் இரண்டு பஸ் மாறி அங்கே போயிருக்கிறாள். அதைத் தாய் சொல்லித்தான் அறிந்தேன்.

பெறுபேறு வந்த அன்று என் வகுப்புக்கு நடுவில் அவள் படியேறி வந்து வாசலில் நின்றாள். போனை நீட்டினாள். தமிழுக்கு எஸ், சாதாரணத் தேர்ச்சி. கணிதத்துக்கு அதைவிட இரண்டு படி மேலே, பி.

"வசனக் கணக்கு மூண்டு செய்தனான் சேர்," என்றாள். "கேள்வியை நானே வாசிச்சனான்."

முன்வரிசைப் பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். "நான் உன்னைச் சோம்பேறி எண்டது பிழை. என்னை மன்னிக்க வேணும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் சேர்" என்றாள். மன்னித்தாளா, நான் சொன்னது பிழை என்று ஒத்துக்கொண்டாளா தெரியவில்லை. இரண்டும் எனக்குச் சரிதான்.

மிஸ்ஸுக்கு அழைப்பு எடுத்தேன். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், யாரோ ஒரு பையனை மிஸ் இருக்கச் சொல்லி அதட்டினார். விஷயத்தைச் சொன்னேன்.

"தமிழ் எஸ்ஸா?"

"ஓம்."

"கணக்கு?"

"பி."

போனை மற்றக் காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"அப்ப என் பாடத்தவிட ஒங்க பாடத்துலதான் நல்லா வாசிச்சிருக்கா," என்றார் மிஸ். "சரி, வைங்க. எனக்கு வகுப்பிருக்கு."

எனக்கும் வகுப்பு இருந்தது. கரும்பலகையில் பாதிச் சமன்பாடு நின்றது. அதை அழித்துவிட்டு, இரண்டு குழாயும் ஒரு தொட்டியும் உள்ள கணக்கை முழுவசனமாக எழுதினேன். பிறகு முன்வரிசையில் இருந்த பிள்ளையை எழுப்பி, அவசரப்படாமல் வாசிக்கச் சொன்னேன். கடைசி வரிசை வரை ஒவ்வொருவராக வாசித்தார்கள். அன்று கணக்கு ஒன்றும் செய்யவில்லை.